பாலாற்றங்கரையில் நடைபாதையும் கடையும் வேண்டுமா, மரமும் மணலும் போதுமா?

தோட்டப்பாளையத்தான் | ஞாயிறு இரவு 8:50

ஆறு வருடம் அகமதாபாத்தில் வேலை பார்த்துவிட்டுப் போன தை மாதம்தான் நம் வேலூருக்குத் திரும்பினேன். அங்கே ஞாயிறு மாலையானால் சபர்மதிக் கரைதான் எங்களுக்குக் கடற்கரை. இந்தக் கரையில் 11 கிலோமீட்டர், அந்தக் கரையில் 11 கிலோமீட்டர் என்று நடைபாதை போட்டிருக்கிறார்கள். பெஞ்சு, விளக்கு, குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போகிற அளவுக்கு வழவழப்பான தரை. அந்த ஞாபகத்தில் என் மகள், "நம்ம ஊர்லயும் ஆறு இருக்குன்னு சொன்னீங்களே, போலாமா?" என்றாள்.

முத்து மண்டபம் வரைக்கும் வண்டியில் போய் அங்கிருந்து இறங்கினோம். கண்டியின் கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கன் அடங்கிய இடம் இது என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அவள் கேட்கவே இல்லை, மூக்கைப் பொத்திக்கொண்டாள். கோழிக்கடைக் கழிவு மூட்டை, இடித்த வீட்டுச் சிமெண்டுக் கட்டி, சீமைக் கருவேலம், நடுவில் கறுப்பாக ஒரு சாக்கடை ஓடை. "இதுவா ஆறு?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. என் யோசனை இதுதான். புது பஸ் ஸ்டாண்டு பக்கம் தொடங்கிச் சத்துவாச்சாரி வரைக்கும் கரையில் பலமாக ஒரு சுவர் எழுப்பி, மேலே நடைபாதை, விளக்கு, பத்துப் பன்னிரண்டு சாப்பாட்டுக் கடை, குழந்தைகளுக்கு ஒரு படகுக் குளம். பூங்கா மட்டும் போதும் என்கிறவர்கள் இருப்பார்கள். வெறும் மரத்தை நட்டுவிட்டுப் போனால் ஆறு மாதத்தில் மறுபடியும் முள்ளுக்காடுதான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கட்டடக்காரன் | ஞாயிறு இரவு 9:15

பெயரிலேயே தொழிலைச் சொல்லிவிட்டேன், அதனால் உள்நோக்கம் எதையும் தேட வேண்டாம். தோட்டப்பாளையத்தாரே, நூற்றுக்கு நூறு உங்கள் பக்கம்.

காலி இடம் காலியாக இருக்காது சார். முதலில் ஒருவர் மாட்டைக் கட்டுவார். அப்புறம் மாட்டுக்கு ஒரு ஷெட். அப்புறம் ஷெட்டுக்குக் கரண்டு. அப்புறம் அந்த விலாசத்தில் ரேஷன் கார்டு. பதினைந்து வருடம் கழித்துக் காலி செய்யப் போனால் ஒரு தெருவே நிற்கும். முறையாகக் கட்டி, வாடகை வாங்கி, நாலு பேர் நடமாடுகிற இடமாக வைத்தால்தான் கரை தப்பிக்கும்.

இன்னொன்று, காசு. பூங்கா அமைக்கப் பணம் எங்கிருந்தாவது வந்துவிடும், திறப்பு விழாவும் நடக்கும். காவல்காரர் சம்பளத்துக்கும் மோட்டார் ரிப்பேருக்கும் மூன்றாம் வருடம் யார் கொடுப்பார்கள்? நியூயார்க்கில் ப்ரூக்ளின் பாலத்தை ஒட்டி ஆற்றங்கரையில் 85 ஏக்கர் பூங்கா இருக்கிறது. அதன் பராமரிப்புச் செலவை அரசு கொடுப்பதில்லை. பூங்கா இடத்திலேயே ஒரு சிறு பகுதியில் அடுக்குமாடி வீடும் ஹோட்டலும் கட்டி, அந்த வருமானத்தில்தான் நடத்துகிறார்கள். கொஞ்சம் கொடுத்தால்தான் மிச்சம் காப்பாற்றப்படும்.

விருதம்பட்டு வாசி | ஞாயிறு இரவு 9:32

நீங்கள் சுவர் கட்டப் போவது தென்கரையில். நான் இருப்பது வடகரையில். அந்தச் சுவரில் இடிபடுகிற தண்ணீர் எங்கே போகும் என்று யாராவது சொன்னால் நிம்மதியாகத் தூங்குவேன்.

கொசப்பேட்டை பஜ்ஜி | ஞாயிறு இரவு 9:41

தண்ணீர் வந்தால்தானே அண்ணே.

விருதம்பட்டு வாசி | ஞாயிறு இரவு 9:44

தம்பி, 2021 நவம்பரில் நீ ஊரில் இல்லையா?

கொசப்பேட்டை பஜ்ஜி | ஞாயிறு இரவு 9:46

இருந்தேன். பாலத்துமேல் நின்று செல்ஃபி எடுத்த ஆளில் நானும் ஒருவன். சரி, வாபஸ்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர் | ஞாயிறு இரவு 10:38

முப்பது வருடம், நில மட்டம் பார்க்கிற லெவல் கருவியும் அளவுக் கோலும் தூக்கியவன். தூக்கம் வராத நேரத்தில் இதைப் படித்துவிட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

பாலாற்றை நாம் "செத்த ஆறு" என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். நந்தி மலையில் பிறந்து வயலூரில் கடலில் சேருகிற வரைக்கும் 348 கிலோமீட்டர், அதில் 222 நம் தமிழ்நாட்டில். மேலே கர்நாடகத்தில் பேத்தமங்கலம், ராமசாகர் ஏரிகள், ஆந்திர எல்லையில் புல்லூர் தடுப்பணை, இத்தனையும் நிரம்பி வழிந்தால்தான் நமக்கு மிச்சம். அதனால் பல வருடம் மணல் மட்டும் தெரியும். ஆனால் ஏரிகள் நிரம்பிய பிறகு மழை நிற்காவிட்டால் மேலே பிடித்து வைக்க ஒன்றும் மிஞ்சாது, அத்தனையும் ஒரே ராத்திரியில் இறங்கும். 1903 நவம்பரில் பேத்தமங்கலத்துப் பக்கம் ஏரி உடைந்துதான் வாணியம்பாடியில் அவ்வளவு சாவு. அதற்கு நினைவுத் தூண் இன்றும் அங்கே நிற்கிறது.

2021-ல் வாலாஜா அணைக்கட்டைத் தாண்டிய தண்ணீர் ஒரு லட்சம் கன அடிக்கு மேல். 1858-ல் கட்டிய அணைக்கட்டு அது. ஒரு லட்சம் கன அடி என்றால் நொடிக்கு 28 லட்சம் லிட்டர். கோடையில் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். கண் மூடித் திறப்பதற்குள் இருநூற்று முப்பது லாரி உங்களைக் கடந்து போகிறது. பொன்னையாறும் சேர்ந்த பிறகு உள்ள கணக்கு இது, வேலூர் பாலத்தடியில் இதைவிடக் குறைவாகத்தான் போயிருக்கும். ஆனாலும் விரிஞ்சிபுரம் தரைப்பாலம் என்ன ஆனது என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேளுங்கள்.

இப்போது சுவருக்கு வருகிறேன். ஆறு என்பது தண்ணீர் ஓடுகிற பள்ளம் மட்டும் இல்லை. வெள்ளம் வருகிற அன்று அது எவ்வளவு அகலம் எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவும் ஆறு. அந்த அகலத்தில் நூறு அடியை நடைபாதைக்கு எடுத்தால், அந்த நூறு அடியில் படுத்துப் போக வேண்டிய தண்ணீர் மீதி இடத்தில் எழுந்து நின்று போகும். ஆழமும் கூடும், வேகமும் கூடும். வேகம் கூடினால் பாலத் தூணின் காலடி மணலைத் தோண்டும். மணல் ஏற்கெனவே லாரி லாரியாகப் போய்விட்டது, பல இடத்தில் களிமண் தெரிகிறது.

சபர்மதியில் ஆற்றை ஒரே சீராக 263 மீட்டருக்கு நெருக்கிக் கட்டினார்கள். அங்கே நீங்கள் பார்த்த தண்ணீர் சபர்மதித் தண்ணீர் இல்லை, நர்மதைக் கால்வாயில் கொண்டுவந்து விடுவது. கீழே வாஸ்னாவில் ஒரு தடுப்பணை அதைக் குளம் போல நிறுத்திவைக்கிறது. நமக்கு யார் விடுவார்கள்? நாமே குடிப்பதற்குக் காவிரியைக் குழாயில் வரவழைக்கிறோம்.

தோட்டப்பாளையத்தான் | திங்கள் காலை 6:20

சார், நர்மதை விஷயம் தெரியும், அதை எழுதாமல் விட்டது என் தப்பு. அங்கே கரையில் குடிசை போட்டிருந்த பத்தாயிரம் குடும்பத்துக்கு மேல் ஊருக்கு வெளியே அனுப்பினார்கள் என்பதும் தெரியும். எங்கள் ஆபீஸ் பெருக்க வந்த அம்மா அப்படிப் போனவர்தான், தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். அந்த அம்மாவைக் கேட்டிருந்தால் நடைபாதையைப் பற்றி வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வெள்ளம் எத்தனையோ வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. மீதி நாளெல்லாம் கோழிக் கழிவைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

நாணல் | திங்கள் காலை 7:05

அண்ணா, கடையும் வேண்டாம், சுவரும் வேண்டாம். கரை முழுக்க மருதம், புங்கன், நாவல், இலுப்பை, ஓரத்தில் பனை. வேலி போட்டு மூடிவிட்டால் பத்து வருடத்தில் காடு. சென்னையில் அடையாறு முகத்துவாரத்தில் 58 ஏக்கரை அப்படித்தான் மீட்டார்கள், 2011-ல் திறந்தார்கள். இப்போது அங்கே பறவை, பாம்பு, நண்டு எல்லாம் இருக்கிறது.

அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் வெயில் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சிமெண்டு நடைபாதையில் மத்தியானம் நாய்கூட நிற்காது.

கொசப்பேட்டை பஜ்ஜி | திங்கள் காலை 7:20

வேலூருக்கு என்று ஒரு பழைய கேலி உண்டே. மரமில்லா மலை, நீரில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில். இதில் சாமி 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். தண்ணீர் 2021-ல் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போனது. ராஜா இனிமேல் வர மாட்டார். பாக்கி மரம்தான். தங்கச்சி, நீ நடு.

நைட் டியூட்டி | திங்கள் காலை 8:10

இப்போதுதான் டியூட்டி முடிந்து வந்தேன். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

நாணல், உன் காட்டுக்கு வேலி என்கிறாய். அடையாறு பூங்காவில் நினைத்த நேரத்தில் யாரும் உள்ளே போய்விட முடியாது தெரியுமா? நம் ஊரில் பூங்கா யாருக்குத் தேவை என்று யாரும் கேட்கவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் இரண்டு வாரம், ஒரு மாதம், சில பேர் நாலு மாதம் தங்குகிறார்கள். நோயாளி வார்டில். கூட வந்தவர் லாட்ஜில், ஜன்னல் இல்லாத அறையில். பகலில் ரிப்போர்ட்டுக்கு அலைந்துவிட்டுச் சாயங்காலம் எங்கே போவார்? கோட்டைப் புல்வெளி, பெரியார் பூங்கா, இல்லாவிட்டால் மூடிய கடையின் படிக்கட்டு. ஒரு அம்மா மகனுக்குக் கீமோ முடிகிற வரைக்கும் தினமும் அகழி ஓரம் போய் உட்கார்ந்து வருவார். "தண்ணீரைப் பார்த்தால் எங்கள் ஊர்க் குளம் மாதிரி இருக்கிறது" என்று அரைகுறை இந்தியில் எனக்குச் சொன்னார்.

அவருக்குப் படகும் வேண்டாம், பீட்சாக் கடையும் வேண்டாம். நிழல், பெஞ்சு, குடிதண்ணீர்க் குழாய், பெண்கள் பயமில்லாமல் போகிற கழிப்பறை, ராத்திரி ஒன்பது வரைக்கும் விளக்கு. டிக்கெட் போட்டுவிட்டால் அதுவும் போச்சு.

நாணல் | திங்கள் காலை 8:31

சரி அக்கா, வேலியை எடுத்துவிடுகிறேன். கழிப்பறையைச் சேர்த்துக்கொள்கிறேன்.

கட்டடக்காரன் | திங்கள் காலை 9:02

அந்தக் கழிப்பறையைக் கழுவுகிறவருக்குச் சம்பளம்? திரும்பவும் என் கேள்விக்கே வருகிறீர்கள்.

ப்ரூக்ளின் கதைக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதையும் கவனிக்கிறேன்.

குடியாத்தம் பாசஞ்சர் | திங்கள் காலை 10:15

நான் சொல்கிறேன். அந்தப் பூங்கா பழைய கப்பல் துறைமேல் போட்டது. சரக்கு இறக்குகிற மேடையும் கிடங்கும் ஏற்கெனவே ஆற்றோரம் கட்டிக் கிடந்தது, அதைத்தான் பூங்காவாக மாற்றினார்கள். இங்கே நீங்கள் மணலில் புதிதாகக் கட்டப் போகிறீர்கள். அதோடு அங்கேயும் கடைசியில் எழுப்பிய அடுக்குமாடிகளை எதிர்த்து அக்கம்பக்கத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். "கொஞ்சம் கொடுத்தால்" என்பதில் அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதானே அங்கேயும் சண்டை.

கரையில் கட்டுவதைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களைக் கேளுங்கள். மோர்தானா அணை நிரம்பி 2021-ல் கவுண்டன்ய மகாநதி வந்தபோது குடியாத்தத்தில் ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர். எங்கள் மாமா வீடும் அதில் ஒன்று. வீட்டு வரி ரசீது இருந்தது, கரண்டு இருந்தது, பட்டா மட்டும் இல்லை. வெள்ளம் வடிந்த பிறகு ஆக்கிரமிப்பு என்று எடுத்துவிட்டார்கள். சட்டப்படி சரிதான், ஆறு கேட்ட இடம்தான் அது. ஆனால் மாமா கேட்ட கேள்வியும் சரி: "நான் ரெண்டு சென்ட்ல கட்டினா ஆக்கிரமிப்பு, பெரிய மனுஷன் ரெண்டு ஏக்கர்ல கட்டினா டெவலப்மெண்டா?"

கட்டடக்காரன் | திங்கள் காலை 10:40

கப்பல் துறை விஷயம் எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். செலவுக் கணக்கு அப்படியேதான் நிற்கிறது.

கொசப்பேட்டை பஜ்ஜி | திங்கள் மதியம் 2:25

கடை மூடிவிட்டு எழுதுகிறேன், மாலை நாலு மணிக்கு மறுபடி அடுப்பு.

கடை வரும் என்றால் எனக்குச் சந்தோஷம்தானே என்று நினைப்பீர்கள். கரையில் பத்துக் கடை கட்டினால் அது எனக்கு வராது அண்ணே. ஒரு இடத்தில் பழைய கடைகளை இடித்துப் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். இடம், பேர் எதற்கு, விடுங்கள். எண்ணெய்ச் சட்டி வைத்துப் பிழைத்தவர்கள் ஏலத்துக்குப் போனார்கள். முன்பணத் தொகையைக் கேட்டதுமே பாதிப் பேர் எழுந்து வந்துவிட்டார்கள். இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள், ஐஸ்கிரீம் விற்கிறார்கள், பெரிய கம்பெனியின் கிளைக் கடை ஒன்று இருக்கிறது. பழைய ஆட்கள் அதே கட்டடத்துக்கு வெளியே தள்ளுவண்டியில். அவர்களையும் வாரம் ஒருமுறை துரத்துகிறார்கள்.

எனக்கு வேண்டியது நாலு சக்கரம். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தள்ளிக்கொண்டு வந்து, பத்து மணிக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன். வெள்ளம் வந்தால் வண்டியோடு மேட்டுக்கு ஏறிவிடுவேன். கட்டின கடையால் ஏற முடியுமா? வாடகை கேளுங்கள், கொடுக்கிறேன். கட்டடக்காரர் சாரின் காவல்காரர் சம்பளத்துக்கு எங்களைப் போல முப்பது வண்டி கொடுத்தால் போதாதா?

கட்டடக்காரன் | திங்கள் மதியம் 2:50

முப்பது வண்டி தினம் ஐம்பது ரூபாய் என்றால் மாதம் 45,000. இரண்டு காவல்காரர், ஒரு துப்புரவுப் பணியாளர். விளக்குக்கும் மோட்டாருக்கும் பற்றாது. ஆனால் நீர் சொல்வதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, மறுக்கவில்லை.

மேளக்காரன் | திங்கள் இரவு 7:48

இவ்வளவு பேர் பேசிவிட்டீர்கள். ஒருவர்கூட மயானக் கொள்ளையை நினைக்கவில்லை.

தோட்டப்பாளையத்தார் "காலி இடம்" என்று பார்த்த கரையில் மாசி அமாவாசை அன்று வந்து நின்று பாருங்கள், எள் போட்டால் எண்ணெய். அங்காளம்மன் தேர்கள் தென்கரைத் தெருக்களிலிருந்தும் வருகின்றன, விருதம்பட்டு, கழிஞ்சூர்ப் பக்கமிருந்தும் வருகின்றன. இரண்டு கரைச் சனமும் சேர்வது மணலில்தான். காளி வேஷம் கட்டினவர்கள், எலுமிச்சை மாலை, பம்பை, உடுக்கை. சுண்டலும் காயும் நாணயமும் வாரி இறைப்பார்கள். மயானத்தில் மண்ணால் அம்மனைப் படுத்த கோலத்தில் செய்து வைத்திருப்பார்கள். எங்கள் தாத்தா அங்கே அடித்தார், அப்பா அடித்தார், நான் அடிக்கிறேன்.

அந்த மயானத்தை உங்கள் நடைபாதையில் எங்கே வைப்பீர்கள்? பிணம் எரிகிற புகையில் யார் ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள்? முதல் வருடம் "மயானத்துக்கு ஒரு மறைப்புச் சுவர்" என்பார்கள். இரண்டாம் வருடம் "நவீன மின்மயானம், ஊருக்கு வெளியே". மூன்றாம் வருடம் தேர் இறங்கச் சாய்தளம் இல்லை, டைல்ஸ் உடையும், தேரை ரோட்டிலேயே நிறுத்து என்பார்கள். நான் கோபத்தில் எழுதவில்லை. ஆறு எங்களுக்குக் கரையும் இல்லை, பூங்காவும் இல்லை, போய்ச் சேருகிற இடம்.

நைட் டியூட்டி | திங்கள் இரவு 8:05

அண்ணே, இதைப் படித்ததும் என் அப்பாவை அங்கே கொண்டுபோன நாள் ஞாபகம் வந்தது. அன்று மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஊர்வலத்தைப் பார்த்ததும் பேட்டைக் கீழே போட்டுவிட்டு நின்றார்கள். நாங்கள் தாண்டியதும் மறுபடி ஆடினார்கள். எனக்கு அன்று அது ஆறுதலாகத்தான் இருந்தது.

தோட்டப்பாளையத்தான் | திங்கள் இரவு 9:10

மேளக்காரரே, நான் தோட்டப்பாளையத்தில் பிறந்தவன். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அந்தத் தேரைப் பார்த்தவன். எழுதும்போது அது ஞாபகத்துக்கு வரவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஓவர்சியர் | திங்கள் இரவு 9:55

படகுக் குளத்தைப் பற்றி நேற்றே எழுத நினைத்து விட்டுப்போனது. தண்ணீர் கிடைத்தாலும் எந்தத் தண்ணீர்? நிக்கல்சன் கால்வாய் ஊர்ச் சாக்கடையைச் சுமந்துகொண்டு நேராக ஆற்றில்தான் இறங்குகிறது. நீங்கள் பார்த்த கறுப்பு ஓடை ஊர்க் கழிவுதான். அதைச் சுத்தம் செய்யாமல் கரையை அழகுபடுத்துவது புண்ணுக்குப் பவுடர் போடுவது.

மேலே ஆம்பூர், வாணியம்பாடித் தோல் கழிவும் இருக்கிறது. மாசு செய்தவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது நம் வேலூர் வழக்கில்தான். நாடு முழுக்கச் சட்டக் கல்லூரியில் அதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. முப்பது வருடத்துக்குள் இரண்டு தடவை. அதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

சுவரைப் பற்றி இன்னொரு சங்கதி. பாலாற்றில் தண்ணீர் மேலே ஓடாவிட்டாலும் மணலுக்கு அடியில் ஓடும். அந்தக் காலத்தில் ஆற்றில் ஊற்றுக்கால் வெட்டி அந்தத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோனார்கள். கரையோரக் கிணறுகளுக்கு ஊறுவதும் அதுதான். ஆழமாக அஸ்திவாரம் தோண்டிக் கிலோமீட்டர் கணக்கில் கான்கிரீட் சுவர் வைத்தால் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் நடுவே கதவைச் சாத்தியது போல. மதுரையில் வைகையின் இரண்டு பக்கமும் சுவரும் ரோடும் போட்டிருக்கிறார்கள், போனால் பாருங்கள். வண்டி போக வசதிதான். ஆற்றில் இறங்கத்தான் படியைத் தேட வேண்டும்.

பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரிவான மண் கரை, வெட்டிவேர், புல், மரத்தை மேட்டில், பள்ளத்தில் வெறும் மைதானம். பெஞ்சு வேண்டுமானால் கருங்கல். வெள்ளம் மூழ்கடித்துவிட்டுப் போனால் சேற்றைக் கழுவிவிட்டு மறுவாரம் உட்காரலாம். தண்ணீர் வந்தால் உடைகிற பொருள் எதையும் வெள்ளக் கோட்டுக்குக் கீழே வைக்காதீர்கள். கடையோ கழிப்பறையோ கோட்டுக்கு மேலே போகட்டும்.

விருதம்பட்டு வாசி | திங்கள் இரவு 10:12

இதற்கு வடகரை சார்பில் கையெழுத்துப் போடுகிறேன்.

கட்டடக்காரன் | திங்கள் இரவு 10:30

எல்லாம் அழகு. மண் கரையில் சீமைக் கருவேலம் முளைக்காமல் யார் பார்ப்பது? ராத்திரி குப்பை கொட்ட வருகிற டிராக்டரை யார் மறிப்பது? நீங்கள் எல்லாரும் ஆற்றைக் காப்பாற்றுகிறீர்கள், நான் மட்டும் வில்லன் என்கிற மாதிரி இழை போகிறது. இடித்த வீட்டுக் கழிவை ஆற்றில் கொட்டாதே என்று என் ஆட்களிடம் சண்டை போடுகிறவன் நான். கொட்டுவதற்கு வேறு இடம் எங்கே என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நடுவர் | திங்கள் இரவு 10:36

யாரும் வில்லன் இல்லை. ஆளை விட்டுவிட்டு ஆற்றைப் பேசுங்கள்.

குடியாத்தம் பாசஞ்சர் | செவ்வாய் காலை 6:50

கட்டடக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. வண்டி இறங்குகிற வழி கரையில் எத்தனை இருக்கிறது? அந்த வழிகளில் கல் நட்டாலே டிராக்டர் நிற்கும். தேர் போகிற வழியில் மட்டும் கழற்றி மாட்டுகிற கம்பி. அதற்குக் கோடிக்கணக்கில் திட்டம் தேவையில்லை.

மேளக்காரன் | செவ்வாய் காலை 7:15

தேர் வழி எது என்று நான் காட்டுகிறேன்.

தோட்டப்பாளையத்தான் | செவ்வாய் காலை 7:40

இழையைத் தொடங்கியவன் என்கிற முறையில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். சுவரையும் படகுக் குளத்தையும் விட்டுவிட்டேன். நடைபாதையை விடவில்லை. சபர்மதி மாதிரி இல்லாவிட்டாலும், வயதான என் அம்மா வாக்கரோடு நடக்கிற அளவுக்குச் சமமான ஒரு தடம் வேண்டும், வெள்ளக் கோட்டுக்கு மேலே. நாணல் மரம் நடட்டும், பஜ்ஜிக்காரர் வண்டி நிறுத்தட்டும். செலவில் பாதிக்குத்தான் வழி தெரிகிறது. அந்த மீதிப் பாதியில் கட்டடக்காரர் சொன்னதுதான் சரி என்று எனக்கும் தோன்றுகிறது.

ஓவர்சியர் சார், அந்த வெள்ளக் கோடு எங்கே இருக்கிறது? வார்டில் ஏரியா சபைக் கூட்டம் போட்டால் அதைச் சொல்ல வேண்டும். கோடு தெரியாமல் அதற்கு மேலே, கீழே என்று பேசி என்ன பயன்?

ஓய்வுபெற்ற ஓவர்சியர் | செவ்வாய் காலை 8:20

இரண்டு நாளில் கேட்ட நல்ல கேள்வி. 2021-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கரையில் குடியிருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். சுவரில் சேற்றுக் கறை, கம்பத்தில் சிக்கின துணி, "எங்க வீட்டு ரெண்டாம் படி வரைக்கும்" என்கிற பேச்சு. இன்னும் நாலு மழை போனால் கறை அழிந்துவிடும், வெள்ளை அடித்தால் அன்றே போய்விடும். ஆட்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

விருதம்பட்டு வாசி | செவ்வாய் காலை 8:34

எங்கள் தெரு முனைக் கரண்டு கம்பத்தில் என் இடுப்பு உயரம். படம் எடுத்தேன். பழைய போனில் இருக்கிறது, அது சார்ஜ் ஏறினால் தேடி எடுத்துப் போடுகிறேன்.

நைட் டியூட்டி | செவ்வாய் காலை 8:50

தென்கரையில் ஒரு கோயில் மதிலில் கறை இன்னும் தெரிகிறது. பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன்.

கொசப்பேட்டை பஜ்ஜி | செவ்வாய் காலை 9:00

என் செல்ஃபியில் பின்னால் பாலத்துத் தூண் தெரிகிறது. தண்ணீர் எவ்வளவு உயரம் என்று அதில் எண்ணலாம். என் முகம் பாதி மறைக்கிறது, மன்னிக்கவும்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர் | செவ்வாய் காலை 9:25

முகத்தை வெட்டிவிட்டுத் தூணை மட்டும் அனுப்பும். ஞாயிறு காலை முத்து மண்டபத்து வாசலில் கூடுவோம். லெவல் கருவி இரவல் கிடைக்கும், சுண்ணாம்பும் வாளியும் நான் கொண்டு வருகிறேன். தென்கரையை முடித்துவிட்டுப் பாலம் வழியாக வடகரை.

கட்டடக்காரன் | செவ்வாய் காலை 9:40

என்னிடம் ஆட்டோ லெவல் கருவி இருக்கிறது, ஸ்டாஃப் என்கிற அளவுக் கோலும் இருக்கிறது. இரவல் வாங்க வேண்டாம். கோடு எங்கே வருகிறது என்று எனக்கும் தெரிய வேண்டும். அந்தப் பக்கம் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

தோட்டப்பாளையத்தான் | செவ்வாய் காலை 9:52

சார், மகளையும் கூட்டி வரலாமா?

ஓய்வுபெற்ற ஓவர்சியர் | செவ்வாய் காலை 9:58

கூட்டி வாங்க. ஸ்டாஃபைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஆறு மணிக்கே வந்துவிடுங்கள், எட்டரைக்கு மேல் வெயில் நிற்க விடாது. செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வரச் சொல்லுங்கள். கருவேல முள் ரப்பரைத் துளைத்துக்கொண்டு ஏறும்.